முந்நூறா, முப்பதா?
பலகை விளையாட்டுத் தொழில் எமக்குச் சொல்லும் பாடம்

சுயதொழில் என்றவுடன் எமது பெண்களுக்கு நினைவில் வருபவை ஒரு சில தொழில்களே. தையல், கோழி வளர்ப்பு, மா இடித்தல், மிளகாய்த்தூள், வீட்டுத்தோட்டம், சிறு பெட்டிக்கடை என்பனவே அவை. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிவுற்ற பின்னர் வாழ்வாதார உதவி என்ற பெயரில் வழங்கப்பட்டவையும் பெரும்பாலும் இவைதாம். ஆனால் ஒரே கிராமத்தில் பத்துப் பேருக்குத் தையல் இயந்திரம் கிடைத்தால், தைப்பதற்கு ஆளிருக்கும், தைக்கக் கொடுப்பதற்கு ஆளிருக்காது. ஆகவே வேறு தொழில்களையும் எண்ணிப் பார்க்க வேண்டிய கட்டாயம் எமக்கு உண்டு. அவ்வாறான ஒரு தொழிலைப் பற்றியே இம்முறை எழுதுகிறேன். வீட்டுக்குள் இருந்து ஆடும் பலகை விளையாட்டுகளைச் செய்து, விதிகளை அச்சிட்டு, பெட்டியிலோ பையிலோ இட்டு விற்கும் தொழில் அது.

"வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லை, இதில் விளையாட்டை யார் வாங்கப் போகிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும் உலகில் பெயர்பெற்ற பலகை விளையாட்டுகள் பல, யுத்தமும் வேலையின்மையும் மக்களை வாட்டிய காலங்களிலேயே பிறந்தன என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஒரே குழி, பல பெயர்

நான் பணியாற்றும் அலவத்துகொட, கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் ஏ-9 வீதியில் அக்குறணைக்கு அப்பால் உள்ளது. இதே வீதிதான் தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி கடந்து யாழ்ப்பாணம் வரை செல்கிறது. சிங்களவர், முஸ்லிம்கள், மலையகத் தமிழர் என யாவரும் அருகருகே வாழும் பகுதி இது. யுத்த காலத்தில் வன்னியிலிருந்து உறவினரை அண்டி வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களும் சில உள்ளன.

சித்திரைப் புத்தாண்டு வந்தால் எமது சிங்கள அயலவர் 'ஒலிந்த கெலிய' விளையாடுவர். பலகையில் இரு வரிசைக் குழிகள், குழிகளில் இட்டு எண்ணுவதற்குக் குன்றிமணிகள். சிங்களத்தில் ஒலிந்த என்பது குன்றிமணியே. இதையே நாம் பல்லாங்குழி என்கிறோம். மலேசியாவில் இதன் உறவு விளையாட்டைக் கொங்கக் என்பர். ஆபிரிக்க நாடுகளிலும் இவ்வகை விளையாட்டுகள் பல உண்டு. ஹென்றி பாக்கர் என்ற ஆங்கிலேயர் 1909இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய நூலில், இந்நாட்டு மக்களின் பலகை விளையாட்டுகளை விரிவாகப் பதிவு செய்துள்ளார். மொழிகள் வேறு, விதிகளில் சிறு வேறுபாடுகள். ஆனால் குழியும் மணியும் ஒன்றுதான்.

எமது மாதாந்த ஒன்றுகூடலுக்கு வரும் சகோதரி ஒருவர் வன்னியிலிருந்து வந்தவர். கணவர் 2009இல் காணாமற்போனார். மூன்று பிள்ளைகள். தைப்பதில் கைதேர்ந்த அவர், வெட்டுத்துணியில் குழிகளுக்குப் பதிலாகச் சிறு பைகளைத் தைத்து, சுருட்டி வைக்கக்கூடிய பல்லாங்குழி ஒன்றைத் தன் கடைசி மகளுக்குச் செய்து கொடுத்திருந்தார். அதைப் பார்த்த ஏனைய பெண்களும் கேட்டனர். நால்வர் சேர்ந்து தைக்கத் தொடங்கினர். தமிழிலும் சிங்களத்திலும் விதிகளை எழுதி ஒரு தாளில் அச்சிட்டோம். பாடசாலைக் கண்காட்சி ஒன்றில் கொண்டுபோன பன்னிரண்டும் அன்றே விற்றுப்போயின.

2025இன் நடுப்பகுதியில், அன்பளிப்புப் பொருட்கள் விற்கும் கடையொன்று 300 பல்லாங்குழிகள் கேட்டது. பொருளைக் கொடுத்து மூன்று மாதங்களின் பின்னரே பணம். பெண்களின் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி. "மிஸ், லோன் எடுத்தாவது செய்து குடுப்பம். இப்பிடி ஒரு ஓடர் இனி வராது" என்றார் ஒருவர். நுண்கடன் கம்பனியின் உத்தியோகத்தர் வாரந்தோறும் அவ்வழியே வந்துபோவதும் அவர்களுக்குத் தெரியும்.

அவசரப்படாமல் ஒரு வாரம் பொறுப்போம் என்று பேசி முடித்தோம். இத்தொழிலில் எமக்கு முன்னர் இறங்கியவர்கள் கஷ்ட காலத்தை எவ்வாறு கடந்தார்கள் என்பதை அந்த வாரத்தில் தேடிப் படித்தேன். அடுத்த கூட்டத்தில் பெண்களுக்குச் சொன்னவற்றையே இங்கு தருகிறேன்.

நட்டத்தில் தொடங்கிய தம்பதியர்

ஆங்கில எழுத்துகளை அடுக்கிச் சொற்கள் அமைக்கும் ஸ்கிரபிள் விளையாட்டைப் பலர் பாடசாலையில் கண்டிருப்பீர்கள். அதைக் கண்டுபிடித்த அல்பிரட் பட்ஸ் ஒரு கட்டடக் கலைஞர். 1930களில் அமெரிக்காவைத் தாக்கிய பெரும் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்தவர். எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்பதைப் பத்திரிகைப் பக்கங்களைப் பார்த்து எண்ணி எண்ணியே எழுத்துகளின் எண்ணிக்கையை முடிவு செய்தார். பெரிய விளையாட்டுக் கம்பனிகளிடம் கொண்டுபோனபோது அவை அதை நிராகரித்தன.

பின்னர் 1948இல் அதைத் தயாரிக்க முன்வந்தவர் ஜேம்ஸ் புரூனோட். அவரும் ஒரு சமூக சேவையாளரே என்பது எனக்கு வியப்பாக இருந்தது. அவரும் மனைவியும் முதலில் தமது வீட்டிலும், பின்னர் கைவிடப்பட்ட பழைய பாடசாலைக் கட்டடம் ஒன்றிலும் சில நண்பர்களுடன் சேர்ந்து மரத்துண்டுகளில் எழுத்துகளைப் பொறித்தனர். மணித்தியாலத்துக்குப் பன்னிரண்டு பெட்டிகள்தாம் செய்ய முடிந்தது. 1949இல் ஏறத்தாழ 2,400 பெட்டிகள் செய்து, ஆண்டு முடிவில் 450 டொலர் நட்டப்பட்டனர்.

நட்டம் வந்தும் அவர்கள் மூடிவிடவில்லை. அதற்கு ஒரு காரணம், அந்த நட்டம் அவர்களால் தாங்கக்கூடிய அளவில் இருந்தமையே. 1952இல் நியூயோர்க்கின் பெரிய கடையொன்று வாங்கத் தொடங்கியதும் கேள்வி பெருகியது. தம்மால் செய்து முடிக்க இயலாது என்று கண்டபோது, தயாரிக்கும் உரிமையைப் பெரிய கம்பனி ஒன்றுக்கு ஒப்பந்த அடிப்படையில் வழங்கினர். விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தொகை கண்டுபிடித்தவருக்கும் சென்றது. முதல் வருடத்திலேயே கடன்பட்டு ஓர் இலட்சம் பெட்டிகள் செய்திருந்தால், இப்பெயர் இன்று உலகில் இருந்திருக்குமா என்பது ஐயமே.

குவிந்துபோன கையிருப்பு

இதற்கு மாறான கதையும் உண்டு. மில்டன் பிராட்லி என்ற அமெரிக்க அச்சக உரிமையாளர் 1860இல், ஜனாதிபதி வேட்பாளராக நின்ற லிங்கனின் படத்தை அச்சிட்டு விற்றார். படத்தில் இருந்த லிங்கனுக்குத் தாடி இல்லை. சில மாதங்களில் லிங்கன் தாடி வளர்த்துக்கொண்டார். அச்சிட்ட படங்களை வாங்க ஆளில்லை. அச்சிட்ட பொருள் ஒரே நாளில் வெறும் கடதாசியாகிவிடலாம் என்பதை அவர் இவ்வாறே கற்றுக்கொண்டார். பின்னர் தானே உருவாக்கிய பலகை விளையாட்டு ஒன்றை அச்சிட்டு எழுந்தார். அடுத்த ஆண்டே உள்நாட்டு யுத்தம் மூண்டது. போர்முனையில் இருந்தவர்கள் பையில் கொண்டுசெல்லும்படி, சதுரங்கம் போன்ற சில விளையாட்டுகளை ஒரு சிறு பொதியாக்கி அவர் விற்றார். காலம் மாறியபோது பொருளையும் சிறிதாக்கியது அவரைக் காப்பாற்றியது.

இங்கிலாந்தில், இரண்டாம் உலக யுத்த காலத்தில் அந்தனி பிராட் என்பவர் குளூடோ என்ற துப்பறியும் விளையாட்டை உருவாக்கினார். பலகையை வரைந்தவர் அவரது மனைவி எல்வா. 1944இல் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தபோதும், யுத்தத்தின் பின்னான பொருள் தட்டுப்பாட்டினால் அது கடைக்கு வந்தது 1949இலேயே.

தட்டுப்பாடு என்பது எமக்கும் புதிதன்று. 2022 மார்ச்சில் டொலர் இல்லாமையால் கடதாசி இறக்குமதி தடைப்பட்டு, மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். அந்நேரத்தில் அச்சிட்ட அட்டைப் பெட்டியை நம்பித் தொழில் செய்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! 2025 ஏப்ரலில் அமெரிக்கா சீனப் பொருட்களுக்கு 145 வீதம் வரை தீர்வை விதித்தபோது, அந்நாட்டின் சிறு விளையாட்டு வெளியீட்டாளர்கள் பலர் திகைத்துப் போயினர். அவர்களது பெட்டிகளில் பெரும்பாலானவை சீனாவிலேயே அச்சாகின. பொருள் ஒரு நாட்டில், வாங்குபவர் இன்னொரு நாட்டில், இடையில் ஒரு சட்டம் மாறினால் போதும்.

சென்னையின் அனுபவம் எமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கு வினிதா சித்தார்த்தா என்ற பெண் 2002இல் 'கிரீடா' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆட்டம், பரமபதம் போன்ற மரபு விளையாட்டுகளை மீண்டும் கடைக்குக் கொண்டுவந்தார். முதியவர்களிடம் கேட்டே விதிகளைத் திரட்டினார். இதில் எமக்கு இரண்டு செய்திகள் உள்ளன. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை, எம் பாட்டிமாரிடம் இருப்பதே மூலதனம். மேலும், துணியும் விதையும் சோகியும் கப்பலில் வரவேண்டியவை அல்ல.

உழைப்புக்கும் விலை உண்டு

இவற்றைப் பேசிய பின்னர் எமது கணக்கைக் கரும்பலகையில் எழுதினோம். ஒரு துணிப் பல்லாங்குழிக்கு, துணி 180 ரூபா, நூல் 40, கழுவி உலர்த்திய விதை 20, சுற்றி வைக்கும் பை 60, விதித்தாள் 30, பஸ் செலவும் பழுதாவதும் 70. ஆக 400 ரூபா. "அப்ப 600க்கு வித்தால் 200 லாபம்தானே" என்றார் ஒருவர். ஆனால் ஒன்றைத் தைத்து முடிக்க மூன்று மணித்தியாலம் ஆகும். மணித்தியாலத்துக்கு 200 ரூபா என்று வைத்தாலும் 600 ரூபா உழைப்பு. உண்மையான அடக்கவிலை 1,000 ரூபா.

பெண்கள் தமது உழைப்பைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுவது எங்கும் காணப்படுவது. வீட்டில் செய்யும் வேலைக்குக் கூலி இல்லாத பழக்கம், விற்பதற்குச் செய்யும் வேலைக்கும் வந்துவிடுகிறது. 600க்கு விற்றால் லாபம் 200 அன்று, நாம் பொருளோடு சேர்த்து 400 ரூபா உழைப்பையும் இனாமாகக் கொடுக்கிறோம்.

விற்பனை விலை 1,500 என்று வைத்தோம். நாமே கண்காட்சியில் விற்றால் 500 மிஞ்சும். கடை நூற்றுக்கு முப்பது எடுத்தால் அதற்கு 450 போய், எமக்கு 1,050. மிச்சம் 50 ரூபா மட்டுமே. கடைக்குக் கொடுப்பது பிழையென்று இதற்குப் பொருளல்ல. கடையை மட்டும் நம்பினால் போதாது என்பதே பொருள்.

அடுத்து 300இன் கணக்கு. கைக்காசாகத் தேவைப்படுவது 120,000 ரூபா. 900 மணித்தியாலம் தையல். நான்கு பெண்கள் நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் தைத்தால் ஐம்பத்தாறு நாட்கள், அதாவது இரண்டு மாதங்கள். அதன் பின்னர் பணத்துக்கு மூன்று மாதம் காத்திருப்பு. கடனின் தவணையோ அடுத்த வாரமே தொடங்கிவிடும். ஐந்து மாதத் தவணையை எங்கிருந்து கட்டுவது? இன்னொரு கடனிலிருந்தா?

நுண்கடன் எமது பெண்களை எங்கு கொண்டுபோய் நிறுத்தியது என்பதை நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை நிபந்தனைகளுடன் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வர வேண்டிய நிலை ஏற்பட்டது. 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடயில் கடனாளிப் பெண்கள் வீதியோரத்தில் சத்தியாக்கிரகம் இருந்தனர். கடனே கூடாது என்பது என் கருத்தல்ல. பொருள் விற்குமுன் தவணை தொடங்கும் கடனைப் பொருள் செய்வதற்காக எடுக்கக்கூடாது என்பதே.

முப்பது போதும்

பெண்களே முடிவெடுத்தனர். 300 அல்ல, 30. அதற்கு வேண்டிய 12,000 ரூபா, தமது சீட்டுப் பணத்திலிருந்தும் கண்காட்சியில் விற்ற பணத்திலிருந்தும். கடையிடம் அரைவாசி முற்பணமும் கேட்பது. கடைக்காரர் முதலில் மறுத்தார். இரண்டு வாரங்களின் பின்னர் சம்மதித்தார். முப்பதும் விற்றதும் மீண்டும் முப்பது கேட்டார்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் கண்டி மாவட்டம் மண்சரிவால் பெரும் அழிவைக் கண்டது. எமது அலவத்துகொடப் பகுதியும் அதற்குத் தப்பவில்லை. உயிர்களை இழந்த குடும்பங்களின் துயரத்துக்கு முன் எமது நட்டம் ஒரு நட்டமே அல்ல. ஆயினும் தொழிலைப் பற்றிப் பேசுவதால் சொல்கிறேன். ஒரு சகோதரியின் வீட்டுக்குள் சேறு புகுந்தபோது அங்கு தைத்து வைத்திருந்த 14 பல்லாங்குழிகள் அழிந்தன. 5,600 ரூபாவுக்குப் பொருளும், 42 மணித்தியால உழைப்பும். கடன் எடுத்துச் செய்த 300 அந்த வீட்டில் இருந்திருந்தால், வீட்டைத் துப்புரவு செய்யும் முன்னரே தவணைக்காரர் வாசலில் நின்றிருப்பார். அந்தச் சகோதரி இரண்டு மாதங்களில் மீண்டும் தைக்கத் தொடங்கினார்.

எஞ்சியிருந்தவற்றில் சிலவற்றைப் பெண்கள் தாமாகவே முன்வந்து பிள்ளைகள் தங்கியிருந்த இடைத்தங்கல் நிலையத்துக்குக் கொடுத்தனர். பிள்ளைகளின் பயம் விளையாட்டினால் மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு வேறு உதவிகளும் வேண்டும். ஆனால் மழைச் சத்தம் கேட்டாலே தாயின் சேலையைப் பற்றிக்கொண்டிருந்த பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளையென்றும் சிங்களப் பிள்ளையென்றும் முஸ்லிம் பிள்ளையென்றும் பாராமல் ஒரு துணியைச் சுற்றியிருந்து விதை எண்ணியதை நான் பார்த்தேன். "யார் வாங்கப் போகிறார்கள்?" என்ற கேள்விக்கு ஒரு விடை அங்கு இருந்தது. பாடசாலைகளும் முன்பள்ளிகளும் சிறுவர் நிறுவனங்களுமே எமது முதல் வாடிக்கையாளர்கள்.

பெயரை விற்றுவிடாதீர்கள்

இன்னுமொரு பாடம் உண்டு. மொனோப்பலி விளையாட்டுக்கு மூலமான விளையாட்டை உருவாக்கியவர் லிஸி மகீ என்ற பெண். நிலவுடைமையாளர் மட்டும் கொழுக்கும் அநியாயத்தைக் காட்டுவதற்காக அதை உருவாக்கி, 1904இல் ஆக்கவுரிமையும் பெற்றார். 1935இல் ஒரு பெரிய கம்பனி அவ்விளையாட்டின் உரிமையை 500 டொலருக்கு வாங்கிக்கொண்டது. விற்கும் பெட்டிகளில் அவருக்குப் பங்கு எதுவும் இல்லை. புகழோ நெடுங்காலம் வேறொரு ஆணுக்கே சென்றது. குளூடோவை உருவாக்கிய பிராட்டும் 1953இல் வெளிநாட்டு உரிமையை 5,000 பவுணுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பின்னர் அது உலகெங்கும் விற்பனையானது.

பல்லாங்குழி எவருக்கும் சொந்தமன்று. அது எல்லோருடையதும். ஆனால் நீங்கள் வைக்கும் பெயர், வரையும் படம், எழுதும் விதித்தாள் என்பன உங்களுடையவை. எழுதியதற்கும் வரைந்ததற்கும் பதிப்புரிமை, உருவாக்கிய உடனேயே உங்களுக்கு உண்டு. வர்த்தகக் குறியைக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதியலாம். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தின் ஊடாகப் பதியலாம். எந்தக் கடையாவது "உங்கள் பெயர் வேண்டாம், எங்கள் பெயரை ஒட்டுகிறோம்" என்றால், கையெழுத்திடுமுன் வாசிக்கத் தெரிந்த ஒருவருடன் இருந்து வாசியுங்கள்.

தொடங்க விரும்புவோருக்கு

முதலில் உங்கள் ஊர் முதியவர்களிடம் விதிகளைக் கேட்டு எழுதுங்கள். எழுதியதை, அவ்விளையாட்டை அறியாத ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். உங்கள் உதவியின்றி அப்பிள்ளை விளையாடினால் விதித்தாள் சரி. இல்லையேல் திருத்தி எழுதுங்கள். அச்சிடுவது அதன் பின்னரே.

குன்றிமணியைச் சிறுவர் விளையாட்டுக்குச் சேர்க்காதீர்கள். அழகாக இருந்தாலும் அதன் பருப்பு கொடிய நஞ்சு. புளியங்கொட்டை போதும். மிகச் சிறு பிள்ளைகள் விதையை வாயில் இடுவர் என்பதால், பெரியவர் அருகில் இருக்க வேண்டும் என்பதையும் விதித்தாளில் எழுதுங்கள்.

பத்துச் செய்து விற்றுப் பாருங்கள். விற்ற பணத்தில் அடுத்த இருபதைச் செய்யுங்கள். ஒரு கடையை மட்டுமோ ஒரு பொருளை மட்டுமோ நம்பாதீர்கள். செய்தவற்றை ஒரே வீட்டில் வைக்காதீர்கள். உங்கள் மணித்தியாலங்களைக் கொப்பியில் எழுதுங்கள்.

இத்தொழில் எவரையும் ஒரு வருடத்தில் செல்வந்தராக்காது. எமது நால்வருக்கும் இன்றும் இது பக்க வருமானமே. பிள்ளைகளின் பாடசாலைச் செலவும் பஸ் காசும் இதிலிருந்து வருகின்றன. யுத்தத்தையும் இடப்பெயர்வையும் மண்சரிவையும் கண்ட எமக்கு, கெட்ட காலம் இனி வராது என்று எவரும் உறுதி தரப்போவதில்லை. அது வரும்போது எம்மால் தாங்கக்கூடிய அளவுக்கே இழப்பு இருக்கும்படி தொழிலை அமைத்துக்கொள்வது மட்டும் எமது கையில் உண்டு.